கடகடவென்று வாசிக்கிறான், ஆனால் புரியவில்லை: நாலாம் வகுப்புப் பையனின் அம்மாவுக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். பையன் நாலாம் வகுப்பு, ஆங்கில வழிப் பள்ளி. தமிழ்ப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான், முடித்ததும் "என்ன படிச்சே?" என்று கேட்டால் விழிக்கிறான். கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். எங்கள் தலைமுறைக்கெல்லாம் சின்ன வயதில் வாசிப்பு எப்படிப் பிடித்தது, அது தானாக வருவதா, சொல்லிக்கொடுத்து வருவதா என்று முடித்திருக்கிறீர்கள். பார்க்க ஆர்வத்தைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தால், உங்களை உறுத்துவது புரிதல்தான் என்று படுகிறது. புரியாத ஒன்றில் யாருக்கும் ஆர்வம் வராது, ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சுத்தமாக வராது. அதனால் முதலில் புரிதலைப் பற்றிச் சொல்கிறேன், ஆர்வம் அதன் பின்னால் வரும்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர். முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றிலிருந்து ஐந்து வரை கற்பித்தவன், பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஊர்களில். உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் அவர்களிடம் எந்தக் குறையும் தெரியாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி பாடநூலைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டுவார், பிள்ளை படபடவென்று வாசிக்கும், அவரும் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளைகளுக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும், 2005-லிருந்து நடக்கும் அசர் கணக்கெடுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் அடிப்படைச் சோதனையும் எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று எதை வாசிக்க முடிகிறது என்பதைத்தான் பார்க்கிறது. அது தேவையான சோதனைதான், ஆனால் உங்கள் பையன் அதில் தேறிவிடுவான். அவன் பிரச்சினை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்தை ஒலியாக மாற்றுவது ஒரு வேலை, அந்த ஒலியிலிருந்து பொருளை எடுப்பது இன்னொரு வேலை. 1986-ல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதிவைத்தார்கள்: வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தைச் சொல்லாக்கும் திறனை, காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஏதாவது ஒன்று பூஜ்யமாக இருந்தால் இன்னொன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம். பயிற்சி வகுப்பு ஒன்றில் இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு இது புதிதாகவே படவில்லை. ஏனென்றால் எட்டு, ஒன்பது வயதில் ஒரு டீக்கடை பெஞ்சில் நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி, பரமக்குடிப் பக்கம். எங்கள் தெரு முனையில் இருந்த டீக்கடையில் தினத்தந்தி வாங்குவார்கள். அந்தப் பத்திரிகை 1942-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கியது. பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கிற தமிழில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதவேண்டும் என்பது அவர் வைத்த முறை. அதனால்தான் அது டீக்கடைக்கும் சலூனுக்கும் போய்ச் சேர்ந்தது. கடை திறந்த கொஞ்ச நேரத்தில் பேப்பர் தாள் தாளாகப் பிரிந்துவிடும். ஒருவர் கையில் முதல் பக்கம், ஒருவர் கையில் சினிமா விளம்பரம், இன்னொரு தாள் பெஞ்சில் டம்ளர் வைத்த வட்டக் கறையோடு கிடக்கும். மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர் தினமும் வருவார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குப் பால் வாங்க வரும் என்னைப் பிடித்து உட்காரவைத்து, "படிடா மாப்ளே, சத்தமாப் படி" என்பார்.

நான் படிப்பேன். பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிப்போமோ அப்படி, ஒரே ராகத்தில், முற்றுப்புள்ளி வந்தால் மட்டும் மூச்சு விட்டுப் படிப்பேன். ஒரு நாள் ஒரு செய்தி, ஏதோ ஒரு கண்மாயின் மதகைப் பழுதுபார்க்கக் கலெக்டர் உத்தரவு போட்டதைப் பற்றி. படித்து முடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போகப் பார்த்தேன். அவர் கையை நீட்டித் தாளை மறித்துக்கொண்டு, "இருடா. எந்தக் கண்மாய்?" என்றார். தெரியவில்லை. "யாரு செலவு பண்றதாம்? எப்ப ஆரம்பிக்கிறாகளாம்?" அதுவும் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த வரிகளையெல்லாம் ஒரு நிமிடத்துக்கு முன்னால் என் வாய்தான் சொன்னது. "சரி, மறுபடி மேலருந்து வா" என்றார். இரண்டாவது தடவை படிக்கும்போது நான் வேறு மாதிரிப் படித்தேன், எனக்கே தெரிந்தது. கண்மாயின் பெயர் வந்ததும் நின்றேன், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பணம் எங்கிருந்து வருகிறது என்பது கடைசி வாக்கியத்தில் இருந்தது, அதைத் தேடிக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் அதுவரைக்கும் யாரும் என்னிடம் தங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டதில்லை. வாத்தியார் கேட்கும் கேள்விக்கு விடை அவருக்கு முன்னாலேயே தெரியும். இவருக்கு உண்மையிலேயே தெரியாது, தெரியவேண்டும், நான் சொன்னால்தான் உண்டு.

அதே மனிதர் மிளகாய் வத்தல் விலை நிலவரம் வந்தால் ஆளே மாறிவிடுவார். குவிண்டால் இவ்வளவு என்று நான் எண்ணைப் படிப்பேன், அது கூடுதலா குறைச்சலா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் அந்த ஒரு எண்ணிலிருந்து போன வாரத்துக்கு இந்த வாரம் ஏன் இறங்கியிருக்கிறது, யார் சரக்கை இருப்பில் வைத்திருப்பார்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் விவரமாகப் பேசுவார். என்னிடம் எழுத்து இருந்தது, பொருள் இல்லை. அவரிடம் பொருள் இருந்தது, எழுத்து இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அந்த பெஞ்சில் ஒரு வாசகர். கஃபும் டன்மரும் சொன்ன பெருக்கல் எனக்கு உடனே பிடிபட்டதற்குக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் பையனுக்கு வருகிறேன். பெருக்கலில் எந்தப் பக்கம் குறைகிறது என்று கண்டுபிடிக்காமல் எந்த வைத்தியமும் செய்யாதீர்கள். கண்டுபிடிப்பது சுலபம், இன்று ராத்திரியே செய்யலாம். அவன் இதுவரை பார்க்காத இரண்டு சின்னக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே கடினம். பள்ளியில் நடத்தி முடித்த பாடம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். ஒன்றை அவன் வாசிக்கட்டும், வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அவன் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள், வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லட்டும், ஆங்கிலம் கலந்தாலும் பரவாயில்லை. இன்னொன்றை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள், அதையும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்த கதையை நன்றாகச் சொல்லி, தான் வாசித்ததைச் சொல்லத் திணறினால் சிக்கல் எழுத்துப் பக்கம். இரண்டையுமே சொல்லத் திணறினால் சிக்கல் மொழிப் பக்கம்.

எழுத்துப் பக்கம் என்றால், "அவன்தான் கடகடவென்று வாசிக்கிறானே" என்பீர்கள். வேகம் இருக்கிறது, சரி. எங்கே நிறுத்துகிறான் என்று கவனியுங்கள். தமிழ் எழுத்து பிள்ளைகளுக்கு அப்படியொன்றும் பெரிய தடை இல்லை. 247 என்று எண்ணிக்கை மிரட்டினாலும், உகர ஊகார வரிசையைத் தள்ளிவிட்டால் மற்றதெல்லாம் ஒரு ஒழுங்கில் அமைந்தவை. நான் படித்த காலத்தில் இதைவிடக் கொஞ்சம் கடினம். 1978-ல் அரசு ஆணை வருவதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை வைத்துக்கொண்டு நிற்கும், ணா, றா, னா மூன்றுக்கும் கால் கிடையாது, சுழித்த தனி வடிவம். அதையும் பிள்ளைகள் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். தமிழில் உண்மையான சிரமம் எழுத்தைத் தாண்டி, வாக்கியத்தில் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார் என்ன செய்தார் என்று தெரிய, வாக்கியம் முடியும்வரை எல்லாவற்றையும் மனதில் வைத்துக் காத்திருக்கவேண்டும். "நேற்றுச் சந்தையில் அப்பா வாங்கி வந்த ஆட்டுக்குட்டியைத் தம்பி அவிழ்த்துவிட்டான்." இதை ஒரே மூச்சில் ஒரே ராகத்தில் வாசிக்கிற பிள்ளைக்குக் கடைசியில் மிஞ்சுவது 'தம்பி அவிழ்த்துவிட்டான்' மட்டும்தான். எதை அவிழ்த்தான் என்றால் "சந்தைய" என்று சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். "ஆட்டுக்குட்டியை" என்ற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் வைத்து வாசித்துக் காட்டி, அதேமாதிரி அவனையும் வாசிக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு அங்கேயே விளங்கிவிடும். பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக் கொடுக்கலாம். சில வாரம் போனால் கோடு தேவைப்படாது.

இதோடு சேர்ந்த ஒன்று, திருத்துவது. பிள்ளை சத்தமாக வாசிக்கும்போது ஒவ்வொரு லகர ளகர ழகரத்துக்கும் நிறுத்தித் திருத்துகிற வழக்கம் நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. உச்சரிப்பு முக்கியம்தான், நானே அதில் கண்டிப்பானவன். ஆனால் வாசிக்கும்போதே திருத்தினால், பிள்ளையின் கவனம் முழுவதும் நாக்குக்குப் போய்விடும், கதைக்கு ஒன்றும் மிஞ்சாது. பொருள் மாறினால் மட்டும் நிறுத்துங்கள். "பல்லி சுவரில் ஓடியது" என்பதைப் பள்ளி என்று படித்தால், "பள்ளிக்கூடமா சுவத்துல ஓடுச்சு?" என்று கேளுங்கள், அவனே சிரித்துத் திருத்திக்கொள்வான். மற்றதைக் கதை முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் மொழிப் பக்கம் என்றால் அது வேறு கதை, ஆங்கில வழிப் பள்ளிப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்த்ததும் இதுதான். வீட்டில் "அவங்க வந்துட்டிருந்தாங்க" என்கிறோம். புத்தகத்தில் "அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்" என்றிருக்கிறது. பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்று. எழுத்துத் தமிழைக் காதால் கேட்டே பழகாத பிள்ளைக்கு அது ஏறக்குறைய இன்னொரு மொழி. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் மாற்றிப்போட வேண்டியிருக்கிறது, அதுவரைக்கும் அடுத்த வாக்கியம் காத்திருப்பதில்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இந்தத் தூரத்தை மொழியியல்காரர்கள் இரட்டை வழக்கு என்கிறார்கள். சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம், தமிழ் அதற்கு ஒரு பெரிய உதாரணம்.

உங்கள் தலைமுறைக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கு என் பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. எழுத்துத் தமிழ் எங்கள் காதில் நாள் முழுக்க விழுந்துகொண்டிருந்தது. காலையில் வானொலி. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமி செய்தி வாசித்தால் ஒரு தெருவே கேட்கும். சாயங்காலம் எங்காவது கட்சிக் கூட்டம், மைக்கில் அடுக்குமொழி. கோயிலில் கதாகாலட்சேபம். கல்யாண வீட்டு மைக் செட்டில் சினிமாப் படத்தின் கதை வசனம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓடும், அதைக் கேட்டே புராணக் கதை வசனத்தை முழுசாக ஒப்பித்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு "எழுந்தருளினார்" என்ற சொல் புத்தகத்தில் வரும்போது அது ஏற்கெனவே காதுக்குத் தெரிந்த சொல். கண் அதை அடையாளம் கண்டால் போதும். இன்றைய பிள்ளைக்குக் காதில் விழுவது வேறு. கார்ட்டூன் பேச்சுத் தமிழில் ஓடுகிறது, வகுப்பறை ஆங்கிலத்தில் ஓடுகிறது. எழுத்துத் தமிழை அவன் சந்திக்கிற ஒரே இடம் தமிழ்ப் பாடநூல், அங்கேயும் தானே வாசிக்கவேண்டும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலைமை அதுதான். இதற்கு நான் கண்ட வழி ஒன்றே ஒன்று: வாசித்துக் காட்டுங்கள். அவனுக்கே வாசிக்கத் தெரிந்தபிறகும் வாசித்துக் காட்டுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மா வாசித்துக் காட்டுவது செல்லம் கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. வாசிக்கும்போது பேச்சுத் தமிழுக்கு மாற்றாமல், உள்ளது உள்ளபடி எழுத்துத் தமிழிலேயே, ஆனால் உயிரோடு வாசியுங்கள். ராத்திரி பத்து நிமிடம் போதும்.

மொழிப் பக்கத்தில் இன்னொரு பாகம், உலக அறிவு. மிளகாய் மண்டி மாமாவின் விலை நிலவரம் மாதிரி. இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் நடுநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் மதிப்பெண் குறைவு, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரியும் என்ற பிள்ளைகள், வாசிப்பில் கெட்டியான, ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாக நினைவில் வைத்துத் திருப்பிச் சொன்னார்கள். அந்த ஆட்டம் நமக்கெதற்கு, கிரிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனுக்கு எதில் விவரம் அதிகம் என்று யோசியுங்கள். கிரிக்கெட், கார், டைனோசர், மீன் தொட்டி, எதுவானாலும் சரி. அதைப் பற்றிய தமிழ் எழுத்தில் தொடங்குங்கள். நீதிக்கதையில் விழிக்கிற பிள்ளை விளையாட்டுப் பக்கத்தில் நாலு பத்தி படித்துவிட்டு, "இதுல தப்பா போட்டிருக்காங்க" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எழுதியவரோடு சண்டை போடுகிற அளவுக்குப் படித்திருக்கிறான் என்றால் அதைவிட வேறென்ன புரிதல் வேண்டும்?

பள்ளிக்கூடக் கேள்விகளை மட்டும் நம்பாதீர்கள். இதைச் சொல்லியே ஆகவேண்டும். "பிளக்கம் தாரியில் சொண்டியது. அதைக் கண்ட மூசன் தவட்டினான்." பிளக்கம் எங்கே சொண்டியது? தாரியில். தவட்டியது யார்? மூசன். இரண்டுக்கும் முழு மதிப்பெண், ஆனால் நான் எழுதியதில் அர்த்தம் என்று ஒன்றுமே கிடையாது. பாடத்தின் கடைசியில் வரும் யார், எங்கே, எப்போது கேள்விகளில் நிறைய இந்த வகைதான். சொல்லைத் தேடி அதே வரியைப் பார்த்து எழுதினால் போதும். ஏன், எப்படித் தெரியும், நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விகளுக்கு அப்படித் தப்பிக்க முடியாது.

இதற்கு எங்கள் சின்ன வயதில் கிடைத்த மிகச் சிறந்த பாடநூல் அம்புலிமாமா என்று சொல்வேன். 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலுமாகத் தொடங்கிய பத்திரிகை, நாகி ரெட்டியும் சக்ரபாணியும் நடத்தியது. எங்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழ்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள், அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு. அதில் விக்கிரமாதித்தன் வேதாளம் கதை வரும். மன்னன் மரத்திலேறி உடலை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான், வேதாளம் ஒரு கதை சொல்லும், முடிவில் ஒரு சந்தேகம் கேட்கும், தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். அந்தச் சந்தேகம் ஒருநாளும் "ராஜகுமாரன் எந்த ஊருக்குப் போனான்" என்று இருக்காது. அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை அவன் கையில் கிடைத்தபோது ஏன் வேண்டாம் என்றான், இது முட்டாள்தனமா பெருந்தன்மையா என்கிற மாதிரி இருக்கும். பதில் கதைக்குள் எங்கேயும் ஒரு வரியாக எழுதியிருக்காது, நடந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் வரும். பக்கத்து வீட்டு அக்கா மன்னனின் பதில் வரும் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு, "நீ சொல்லு, அப்புறம் பாக்கலாம்" என்பாள். நான் சொல்வேன், கை விலகும். சில நேரம் மன்னன் சொன்னதைவிட என் பதில் எங்கள் இருவருக்கும் பிடித்திருக்கும். வகுப்பில் இதை நான் வருடக்கணக்கில் செய்திருக்கிறேன், எந்தக் கதையானாலும் முடிவுக்கு ஒரு பத்தி முன்னால் நிறுத்தி. வீட்டிலும் செய்யலாம். செய்யும்போது ஒன்று மட்டும், அவன் சொன்னது புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தப்பு என்று சொல்லாதீர்கள், "எதை வச்சு அப்படிச் சொல்றே?" என்று கேளுங்கள்.

ஆர்வத்துக்கு வருகிறேன். எனக்கு அது கன்னித்தீவில் வந்தது. தினத்தந்தியில் 1960-லிருந்து வரும் படக்கதை. சிந்துபாத்தும் லைலாவும் தினமும் சில கட்டங்கள் மட்டும் நகர்வார்கள், ஏதாவது ஒரு ஆபத்தில் நிற்கும். மாமா படத்தைப் பார்ப்பார், நான் கீழே இருக்கும் எழுத்தைப் படிப்பேன், நாளைக்கு என்ன நடக்கும் என்று இருவரும் பந்தயம் கட்டுவோம். எப்போது என்று நாள் சொல்ல முடியாது, ஒரு காலையில் அவர் "என்னடா, சத்தமே வரல, படிடா" என்று தோளைத் தட்டினார். அதுவரைக்கும் வாய்விட்டுத்தான் படிக்கத் தெரியும் எனக்கு. அன்று வாய் அசையாமல் கடைசிக் கட்டம்வரை போய்விட்டிருந்தேன். அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல், எனக்கே தெரியவேண்டும் என்று படித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு கிளை நூலகம், வாடகைக்கு விடும் காமிக்ஸ், மளிகைப் பொட்டலத் தாள் என்று எது கிடைத்தாலும் படித்தேன்.

ஆனால் என் கதையை வைத்து உங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டேன். இங்கிருந்து நான் சொல்வது அவ்வளவு உறுதியில்லாத விஷயங்கள். அதிகம் படிப்பதால் திறமை கூடுகிறதா, திறமை இருப்பதால் அதிகம் படிக்கிறார்களா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கீத் ஸ்டானோவிச் 1986-லேயே இது ஒரு சுழல் என்று எழுதினார்: நன்றாகப் படிக்க வருகிறவன் மேலும் படிக்கிறான், அதனால் மேலும் நன்றாக வருகிறது, வராதவன் படிப்பதைத் தவிர்க்கிறான், அதனால் இடைவெளி வருடத்துக்கு வருடம் கூடுகிறது. இதில் எது காரணம், எது விளைவு, எந்த அளவுக்கு என்பதில் ஒத்த கருத்து கிடையாது. காமிக்ஸ் படித்தால் பிறகு பெரிய புத்தகத்துக்கு வந்துவிடுவார்களா? வந்தவர்கள் நிறையப் பேர், காமிக்ஸோடு நின்றவர்களும் உண்டு. நின்றால் நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை, அது என் அபிப்பிராயம் மட்டும். புத்தகம் படித்தால் பரிசு, பணம் என்று ஆசை காட்டுவது கொஞ்ச நாள் வேலை செய்யும், நிறுத்தியதும் படிப்பும் நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால் அதைச் சொல்ல மாட்டேன். கட்டாயப்படுத்தி ஆர்வத்தை வரவைத்த வீடு ஒன்றுகூட என் அனுபவத்தில் இல்லை. புரிய வைப்பது, கையெட்டும் தூரத்தில் வைப்பது, கூட உட்காருவது, இந்த மூன்றும் நம் கையில் இருக்கிறது.

கையெட்டும் தூரம் என்றதும் நூலகத்தைச் சொல்லவேண்டும். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நாம் எல்லோரும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம், ஆகவே பக்கத்துக் கிளை நூலகம் உங்கள் காசில் நடப்பது. ஒரு சனிக்கிழமை அழைத்துப்போய் அவன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். எடுக்கிற புத்தகத்தை அவன் எடுக்கட்டும். ரொம்பச் சுலபமானதாக எடுத்தால் விடுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைச் சிரித்துக்கொண்டு படித்தால் அது பின்னடைவு கிடையாது. பத்துப் பக்கம் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று வைத்தாலும் விடுங்கள், நாமும் அப்படித்தானே செய்கிறோம்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் கிடையாது, சிறப்புக் கல்வி படித்தவனும் கிடையாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, மாதிரி இருப்பதாகத் தோன்றவில்லை, ஏனென்றால் அதில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது எழுத்தைச் சொல்லாக்கும் வேலைதான், இவன் அதில் தடுமாறவில்லை. ஆனால் நேரில் பார்க்காமல் யாரும் இதை உறுதியாகச் சொல்லக்கூடாது. நீங்கள் வாசித்துக் காட்டிய கதையும் புரியாமல், வீட்டில் சாதாரணமாகப் பேசும்போதே இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் பிடித்துக்கொள்ளத் திணறுகிறான் என்றால், அல்லது ஆங்கிலத்திலும் இதே நிலைமை என்றால், முதலில் காதையும் கண்ணையும் சோதித்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. அதற்கான சோதனையும் தேர்வுச் சலுகையும் பிள்ளையின் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இரண்டு கதைச் சோதனையைச் செய்துவிட்டு, அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே இங்கே எழுதுங்கள், நீங்கள் சுருக்கியோ திருத்தியோ எழுதவேண்டாம். கூடவே அவனுக்கு எதில் பைத்தியம் என்பதையும் சொல்லுங்கள். எந்தப் பக்கம் இடிக்கிறது என்று தெரிந்தால், அடுத்து எந்த மாதிரிப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.